பந்தயமும் பிராணனும்

மோட்டார் பந்தயத்தில் ஒருவர் உயிர் துறந்தால் நம்மவர்கள் இரண்டு விதமாகப் பேசக் கேட்கிறோம். "வீர மரணம்" என்று ஒரு சாரார் மெச்சுகிறார்கள். "தெரிந்தே போய் விழுந்தால் வேறென்ன நடக்கும்?" என்று மற்றொரு சாரார் உதட்டைப் பிதுக்குகிறார்கள். முன்னவர் பந்தயத்தின் பக்தர். பின்னவர் அதன் விரோதி. ஆயினும் இருவரும் வந்து சேரும் இடம் ஒன்றே. அந்த மனிதர் எவ்வாறு இறந்தார், அதைத் தடுத்திருக்க முடியுமா என்ற கேள்வியை இருவருமே கேட்பதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்பதுதான் நமது நோக்கம்.

2023-ம் வருஷத்தில் நடந்த இரண்டு சம்பவங்களை வாசகர்களுக்கு நினைவூட்டுகிறோம். சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் சாலையில் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டை என்னும் ஊரில் ஒரு மோட்டார் பந்தயப் பாதை இருக்கிறது. அங்கே ஜனவரி மாதம் 8-ந் தேதி நடந்த தேசிய கார் பந்தயத்தில் ஸ்ரீ கே. இ. குமார் ஓட்டிய கார் மற்றொரு போட்டியாளரின் காரோடு உரசிப் பாதையை விட்டு விலகிச் சென்று, வேலியில் மோதித் தலைகீழாகக் கவிழ்ந்தது. உடனே சிவப்புக் கொடி காட்டிப் பந்தயத்தை நிறுத்தினார்கள். அவரை வெளியே எடுத்துச் சிகிச்சை செய்தும் பயனில்லை. அவருக்கு வயது 59, பந்தயத்திலேயே நரைத்தவர். அதற்கு ஏழு மாதங்களுக்குப் பின், ஆகஸ்டு மாதம் 5-ந் தேதி, அதே பாதையில் தேசிய மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் புதியவர்களுக்கான ஓட்டம் நடந்தது. பெங்களூரைச் சேர்ந்த ஷ்ரேயஸ் ஹரீஷ் என்ற சிறுவன் அன்று காலையில்தான் முதல் இடத்திலிருந்து புறப்படும் தகுதியைப் பெற்றிருந்தான். பந்தயம் ஆரம்பித்த சற்று நேரத்திற்கெல்லாம் முதல் வளைவிலிருந்து வெளிப்படும்போது கீழே விழுந்தான், பிழைக்கவில்லை. பதின்மூன்று வயது நிரம்பிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது.

ஒருவர் அறுபதை நெருங்கியவர். மற்றவன் பள்ளிப் பிள்ளை. ஒருவருக்கு நான்கு சக்கரம், மற்றவனுக்கு இரண்டு. இரண்டு மரணங்களுக்கும் காரணம் ஒன்றே என்று நாம் சொல்லவில்லை. ஒரே பாதையில் ஏழு மாதத்தில் இரண்டு உயிர்கள் போயின என்பதை மட்டும் சொல்கிறோம். சோழவரத்தில் யுத்த காலத்து விமான ஓடுதளத்தின்மேல் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் பறந்த நாள்களை முதியவர்கள் இன்னும் சுவையாகச் சொல்வார்கள். 1953-ல் தோன்றிய சென்னை மோட்டார் பந்தயச் சங்கத்தார் 1990-ல் தங்களுக்கென்று தனிப் பாதை அமைத்துக் கொண்டது அந்தப் பழைய தளத்தைவிடப் பெரிய முன்னேற்றம் என்பதை நாம் மறுக்கவில்லை. அவர்கள்மேல் குற்றம் சுமத்துவது நமது எண்ணமுமன்று. கேள்வி வேறு.

"இருங்காட்டுக்கோட்டை எங்கே, திருவானைக்காவல் எங்கே? காவேரிக் கரையிலிருந்து கொண்டு இதைப் பற்றி எழுதுவானேன்?" என்று நண்பர்கள் கேட்கக் கூடும். சென்னைக்குப் போகும் பெருஞ்சாலை காவேரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே நமது தீவைக் குறுக்காகக் கடந்து செல்கிறது. இரவு பத்து மணிக்குமேல் அதன் ஓரத்தில் கால்மணி நேரம் நின்று பார்ப்பவருக்குச் சம்பந்தம் விளங்கும். 2023-ம் வருஷத்துத் தீபாவளியின்போது திருச்சிராப்பள்ளி ஜில்லாவில் வாலிபர்கள் மோட்டார் சைக்கிளின் முன்புறத்தில் பட்டாசுகளைக் கட்டிக் கொளுத்தி, முன் சக்கரத்தைத் தூக்கி ஓட்டிய காட்சி தேச முழுவதும் கைப்பேசிகளில் ஓடிற்று. போலீஸார் கைது செய்தார்கள், செய்ய வேண்டியதுதான். ஆனால் அந்த வாலிபர்கள் வேகத்தை மட்டும் பந்தயக்காரரிடமிருந்து கற்றுக் கொண்டார்கள். பந்தயக்காரர் தம் உயிரைக் காக்க என்னென்ன செய்கிறார் என்பதை அவர்களுக்கு யாரும் காட்டவில்லை. காட்டத்தக்க முறையில் அந்த வித்தை நம் நாட்டில் இன்னும் பேசப்படவேயில்லை.

இவ்வூரில் பங்குனியில் தேர் ஓடுகிறது. வடம் பிடிக்கிறவர்களின் கண் சுவாமியின்மேல் இருக்கிறது. ஆனால் சக்கரத்தோடு சக்கரமாக ஓடிக்கொண்டு முட்டுக்கட்டை போடுகிறவனின் கண் சுவாமியின்மேல் இல்லை. சக்கரத்தின் அடியில் இருக்கிறது. அவன் கை ஒரு விநாடி தவறினால் தேர் மூலையில் திரும்பாது, வீட்டுத் திண்ணையில் ஏறும். பேச்சு வழக்கில் "முட்டுக்கட்டை போடுகிறான்" என்பது வசைச்சொல்லாகிவிட்டது. தேரோடும் வீதியில் அப்படிச் சொல்வார் யாருமில்லை. கட்டை இருக்கும் தைரியத்தில்தான் ஆயிரம் பேர் வடத்தை இழுக்கிறார்கள். மோட்டார் பந்தயத்தில் பாதுகாப்பைப் பற்றி வாய் திறப்பவரை உற்சாகத்துக்கு முட்டுக்கட்டை என்று ஏசுகிறவர்கள் ஒருமுறை இங்கே வந்து தேரைப் பார்க்க வேண்டும்.

மேல்நாட்டாரும் இதை எளிதில் கற்றுக் கொள்ளவில்லை. 1955-ம் வருஷம் ஜூன் மாதம் 11-ந் தேதி பிரான்சு தேசத்தில் லெ மான் பந்தயத்தில் ஒரு கார் ஜனக் கூட்டத்திற்குள் சிதறிப் பாய்ந்து எண்பது பேருக்குமேல் மாண்டார்கள். பந்தயத்தை நிறுத்தவில்லை, இராமுழுதும் ஓட்டி மறுநாள் பரிசு வழங்கினார்கள்! ஸ்விட்சர்லாந்து ஒன்றுதான் இனி நம் மண்ணில் வட்டப் பாதைப் பந்தயமே வேண்டாம் என்று சட்டம் செய்து அதைப் பல பத்தாண்டுகள் காத்தது. ஏனையோர் சில காலம் வாயடைத்திருந்து, பிறகு பழைய வழக்கத்திற்கே திரும்பினார்கள்.

1966-ல் பெல்ஜியத்தில் ஸ்பா என்ற இடத்தில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். முதல் சுற்றிலேயே பெருமழை. ஜாக்கி ஸ்டூவர்ட் என்ற ஸ்காட்லாந்துக்காரரின் கார் பாதையை விட்டுத் தெறித்து நசுங்கியது. பெட்ரோல் கசிந்து அவர் உடம்பெல்லாம் நனைந்தது. ஒரு பொறி போதும். ஸ்டீரிங் சக்கரத்தைக் கழற்றினாலல்லாது அவரை வெளியே எடுக்க முடியாது. கழற்றுவதற்கு ஒரு ஸ்பானர் பந்தயம் நடத்தியவர்களிடம் அங்கே இல்லை. சக போட்டியாளர் இருவர் தங்கள் பந்தயத்தை விட்டு இறங்கி வந்து, வேடிக்கை பார்க்க வந்த ஒருவரிடம் இரவல் வாங்கிக் கழற்றினார்கள். இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. ஏற்றிச் சென்ற ஆம்புலன்சோ ஆஸ்பத்திரிக்கு வழி தெரியாமல் தவறிப் போயிற்று. உலகத்தின் மிகப் பெரிய பந்தயங்களில் ஒன்று நடந்த லட்சணம் இது.

ஸ்டூவர்ட் குணமாகி வந்தார். அதன் பிறகு தம் காரில் ஒரு ஸ்பானரை ஒட்டி வைத்துக் கொண்டே ஓட்டினார். பாதையோரத்தில் தடுப்புகள் வேண்டும், மரங்களை அகற்ற வேண்டும், இருக்கைப் பட்டி வேண்டும், தகுதி வாய்ந்த டாக்டர்கள் வேண்டும் என்று வருஷக் கணக்கில் போராடினார். பாதுகாப்பில்லாத பாதையில் ஓட்ட மாட்டோம் என்று சக ஓட்டிகளையும் சேர்த்துக் கொண்டார். பாதையின் சொந்தக்காரர்களுக்குச் செலவு கசந்தது. பத்திரிகைக்காரர்களில் சிலர் கோழை என்றார்கள். அந்தக் கோழை மூன்று தடவை உலக வெற்றி வீரர்! தொழிலாளர் சங்கம் நடத்தி அநுபவப்பட்ட நமது வாசகர்களுக்கு இந்தக் கதை புதிதாயிராது. ஆலையில் இயந்திரத்திற்கு வேலி கேட்டவனுக்குக் கிடைத்த பட்டமும் இதுவேயல்லவா?

இன்னொரு விஷயம் கழுத்தைப் பற்றியது. இதை அறிந்தவர் நம்மில் குறைவு. பட்டியால் உடலை எவ்வளவு இறுகக் கட்டினாலும் கார் சுவரில் மோதும்போது உடல் நிற்கிறது; தலை நிற்பதில்லை. ஹெல்மெட்டின் கனமும் சேர்ந்து தலை முன்னோக்கி வீசப்படும்போது மண்டையின் அடிப்பாகம் உடைகிறது. வெளியே காயமே இல்லாமல் ஆள் இறந்து கிடப்பான். 1980-ம் வருஷத்தை ஒட்டி ராபர்ட் ஹப்பார்டு என்ற அமெரிக்கப் பேராசிரியர், பந்தய ஓட்டியான தம் மைத்துனர் ஜிம் டவுனிங்கோடு சேர்ந்து, தோளின்மேல் அமரும் ஒரு பட்டையோடு ஹெல்மெட்டை வாரால் பிணைக்கும் சாதனம் ஒன்றைச் செய்தார். ஹான்ஸ் என்று அதற்குப் பெயர். இருபது வருஷ காலம் பெரும்பாலோர் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கழுத்தை உறுத்துகிறது என்றார்கள். 2001-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 18-ந் தேதி டேல் எர்ன்ஹார்ட் என்ற புகழ்பெற்ற ஓட்டி டேடோனா பந்தயத்தின் கடைசிச் சுற்றில் மண்டையின் அடிப்பாகம் உடைந்து மாண்டார். அவர் அதை அணிந்திருக்கவில்லை. அந்த வருஷமே அமெரிக்கப் பந்தயச் சங்கம் அப்படிப்பட்ட சாதனத்தைக் கட்டாயமாக்கியது. 2003-ல் ஃபார்முலா ஒன்றிலும் கட்டாயமாயிற்று. மருந்து கடையில் இருந்தது. வாங்கிக் கொடுக்க இருபது வருஷம் ஆயிற்று.

1994-ம் வருஷம் இத்தாலியில் இமோலா என்ற இடத்தில் ஏப்ரல் 30-ந் தேதி ரோலண்டு ராட்ஸன்பெர்கரும், மறுநாள் அயர்டன் சென்னாவும் உயிர் துறந்தார்கள். முன்னவர் பெயர் அன்று உலகம் அதிகம் அறியாதது; பின்னவர் பிரேசில் தேசத்தின் கண்மணி. இருவர் மரணத்தையும் ஒரே கமிட்டி ஆராய்ந்தது. சிட் வாட்கின்ஸ் என்ற மூளை வைத்திய நிபுணர் அதன் தலைவர். பந்தயக்காரரையன்றி வைத்தியரைத் தலைமையில் வைத்தார்களே, அதுதான் அந்தக் காரியத்தின் உயிர்நாடி. கார்களை மாற்றினார்கள், பாதைகளை மாற்றினார்கள், வளைவுகளுக்கு வெளியே இடத்தை விஸ்தரித்தார்கள். அடுத்த இருபது வருஷத்தில் ஃபார்முலா ஒன்று பந்தயங்களில் ஓட்டி எவரும் மாளவில்லை. ஆனால் மான்ஸாவில் 2000-லும் மெல்போர்னில் 2001-லும் பாதையோரத்தில் காவல் நின்ற மார்ஷல் ஒருவர் வீதம் மாண்டதையும் சொல்லாமல் விடுவது நியாயமல்ல. முட்டுக்கட்டைக்காரனுக்கும் உயிர் உண்டு. 2014-ல் ஜப்பானில் மழையில் ஜூல் பியாங்கி காயமுற்று மறு வருஷம் இறந்தபோது மறுபடியும் ஆராய்ந்தார்கள். 2018-ல் ஓட்டியின் தலைக்குமேல் டைட்டானியத்தாலான வளையம் வந்தது. காரின் அழகு கெட்டது என்று முணுமுணுத்தார்கள். அந்த வளையத்தை முன்பு எதிர்த்தவர்களில் ரோமன் க்ரோஷானும் ஒருவர். 2020 நவம்பர் 29-ந் தேதி பஹ்ரேனில் அவர் கார் தடுப்பைத் துளைத்துக்கொண்டு இரண்டாகப் பிளந்து பற்றி எரிந்தது. இருபத்தெட்டு விநாடியில் அவர் நெருப்பிலிருந்து தாமே எழுந்து வெளியே வந்தார். அந்த வளையமே தம்மைக் காத்தது என்று பின்னர் ஒப்புக் கொண்டார்.

இவற்றிலிருந்து தெரிவது என்ன? ஒவ்வொரு சாதனத்துக்கும் பின்னால் ஒரு பிரேதம் இருக்கிறது. ஆனால் அந்த மரணம் ஆராயப்பட்டு, ஆராய்ந்தது எழுதப்பட்டு, எழுதியது எல்லோர் கையிலும் கிடைத்ததால்தான் அது சாதனமாயிற்று. இல்லாவிடில் பிரேதம் பிரேதமாகவே போயிருக்கும்.

ஓர் ஆட்சேபத்திற்கு இங்கே பதில் சொல்ல வேண்டும். "2022-ம் வருஷத்தில் தமிழ்நாட்டுச் சாலைகளில் 17,884 பேர் மாண்டார்கள் என்று மத்திய சர்க்காரின் கணக்கே சொல்லுகிறது. அதை விட்டுப் பந்தயத்தில் போன இரண்டு உயிருக்கு அழுவது பணக்காரர் பொழுதுபோக்குக்கு ஒப்பாரி வைப்பதாகும்" என்கிறார்கள். ஆட்சேபம் வலுவானது. ஆனால் சாலையில் இறந்த 17,884 பேரும் அவ்வளவு இடங்களில், அவ்வளவு விதமாக இறந்தார்கள். பந்தயப் பாதை சுவரால் சூழ்ந்தது, ஒவ்வொரு காரும் முன்னதாகச் சோதிக்கப்படுகிறது, டாக்டர் பக்கத்தில் நிற்கிறார், காமிராக்கள் பார்த்துக்கொண்டிருக்கின்றன. இவ்வளவு வசதிகளோடு நடந்த ஒரு மரணத்தின் காரணத்தைத் திறந்து சொல்லாத சமூகம், நள்ளிரவில் லாரியடியில் நசுங்கிய ஏழையின் மரணத்தையா ஆராயப் போகிறது? மேலும், சாலைக் கார்கள் பந்தயப் பாதையிலிருந்து கற்றுக்கொண்டவை கொஞ்சமல்ல.

இனிச் சிறுவன் விஷயம். மோட்டார் வாகனச் சட்டப்படி பதினெட்டு வயது நிரம்பாதவன் கியர் உள்ள மோட்டார் சைக்கிளைச் சாலையில் ஓட்ட லைசென்ஸ் பெற முடியாது. 2019-ல் அச்சட்டத்தில் சேர்த்த 199-ஏ பிரிவின்படி, பிள்ளைக்கு வண்டியைக் கொடுத்து அவன் குற்றம் செய்தால் தகப்பனுக்கு மூன்று வருஷம் வரை சிறைவாசமும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. சிறுவன் கையெழுத்திட்ட ஒப்பந்தமோ 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின்படி செல்லாது. திருவானைக்காவல் சந்நிதித் தெருவில் பதின்மூன்று வயதுப் பையன் மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் தகப்பன் குற்றவாளி. அதே பையன் வேலிக்குள் அதைப் போலப் பன்மடங்கு வேகத்தில் ஓட்டினால் அவன் வருங்கால வீரன். அபாயத்தை "விரும்பி ஏற்றான்" என்று ஒரு காகிதமும் இருக்கும். விரும்பி ஏற்பவனுக்குத் தீங்கிழைத்ததாகாது என்பது நாங்கள் கோர்ட்டில் நாள்தோறும் கேட்கும் பழைய சூத்திரம். விரும்பும் உரிமையையே சட்டம் கொடாத ஒருவனிடம் அச்சூத்திரத்தை எப்படிப் பிரயோகிப்பது?

இளமையில் கற்றால்தான் வித்தை கைவரும் என்பது உண்மை. கோயமுத்தூரிலிருந்து நாராயண் கார்த்திகேயனும் சென்னையிலிருந்து கருண் சந்தோக்கும் ஃபார்முலா ஒன்று வரை போனது இளம்பிராயத்துப் பழக்கத்தால்தான். பழக வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. சிறு வண்டியில், சிறு வேகத்தில், தனியே பழகுவது ஒன்று. இருபது வண்டிகள் நெருக்கியடித்துக்கொண்டு முதல் வளைவுக்குப் பாயும் பந்தயம் வேறொன்று. காரில் ஓட்டியைச் சுற்றி இரும்புக் கூண்டு இருக்கிறது. மோட்டார் சைக்கிளில் விழுந்தவனைச் சுற்றிப் பின்னே வருகிற சக்கரங்கள்தான் இருக்கின்றன. 2021-ல் ஸ்பெயினில் 14 வயதும் 15 வயதுமான இரண்டு பையன்கள் இரண்டு மாத இடைவெளியில் பந்தயத்தில் மாண்டபோது, சர்வதேச மோட்டார் சைக்கிள் சம்மேளனத்தார் வயது வரம்பை உயர்த்தினார்கள். 2023 முதல் உலகப் போட்டிக்குச் சில விலக்குகளோடு பதினெட்டு வயது; கீழ்ப்படிகளிலும் வரம்பு ஏறிற்று. கீழே விழுமுன் காற்று நிரம்பிக்கொள்ளும் அங்கி அப்போட்டிகளில் 2018 முதலே கட்டாயம்.

மரண விசாரணைக்கு வருவோம். ஸ்ரீ குமார் மறைந்தபோது விசாரணை தொடங்கியிருப்பதாக இந்திய மோட்டார் பந்தயச் சங்கங்களின் கூட்டமைப்பும், பந்தயத்தை நடத்திய சங்கமும் அறிவித்தன. நல்ல எண்ணத்தோடுதான் அறிவித்திருப்பார்கள். ஆனால் தன் வழக்கில் தானே நீதிபதியாக இருத்தலாகாது என்பது நீதியின் முதற்பாடம். ரெயில்வேயைப் பாருங்கள். விபத்தை ஆராயும் ரெயில்வே பாதுகாப்புக் கமிஷனர் ரெயில்வே மந்திரிக்குக் கட்டுப்பட்டவரல்லர். அவர் சிவில் விமானப் போக்குவரத்து இலாகாவைச் சேர்ந்தவர். காரணம் வெளிப்படை. 1956 நவம்பர் 23-ந் தேதி, நமக்கு அடுத்த அரியலூரில், மருதையாற்றுப் பாலம் இடிந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டபோது, லால் பகதூர் சாஸ்திரி ரெயில்வே மந்திரி பதவியைத் துறந்தார். பாலத்தை அவரா கட்டினார்? பொறுப்பு என்பதற்கு அன்று இருந்த அர்த்தம் அது. 2022 ஏப்ரல் 27-ந் தேதி தஞ்சைக்கு அருகே களிமேட்டில் தேரில் மின்சாரம் பாய்ந்து 11 பேர் மாண்டபோதும், தெய்வச் செயல் என்று விட்டுவிடாமல் சர்க்கார் விசாரணைக்கு உத்தரவிட்டது. தேர் விபத்தைச் சர்க்கார் விசாரிக்கலாமாம். பந்தய மரணத்தை மட்டும் பந்தயக்காரரே விசாரித்துக் கொள்ள வேண்டுமாம்!

"தனியார் விளையாட்டில் சர்க்காருக்கென்ன வேலை?" என்ற வாதம் 2024-ம் வருஷத்தோடு போயிற்று. அவ்வருஷம் ஆகஸ்டு 31-லும் செப்டம்பர் 1-லும் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி மூன்றரை கிலோமீட்டர்ப் பொதுச் சாலையில் இரவில் கார்ப் பந்தயம் நடந்தது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமே அதில் பங்காளி. பொதுப் பணமும் செலவாயிற்று. அது வேண்டுமா, வேண்டாமா என்பது வேறு வழக்கு. நாம் கவனிக்க விரும்புவது ஹைகோர்ட்டு செய்ததை. சர்வதேச மோட்டார் சம்மேளனத்தின் பாதைச் சான்றிதழை 31-ந் தேதி நண்பகலுக்குள் பெற வேண்டும், இல்லாவிட்டால் பந்தயம் கூடாது என்று நீதிபதிகள் நிபந்தனை விதித்தார்கள். மழையால் வேலை தடைப்படவே அவகாசம் நீட்டிக்கப்பட்டது. சான்றிதழ் வந்த பிறகே கார்கள் ஓடின. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் காத்துக் கிடந்து சலித்தார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. சலிக்கட்டுமே! நம் நாட்டில் ஒரு காகிதத்திற்காக ஒரு பந்தயம் காத்து நின்றதைக் கண்டு நாம் மகிழ்ந்தோம். ஆயினும் ஒவ்வொரு பந்தயத்துக்கும் ஒருவர் ஹைகோர்ட்டுக்குப் போக வேண்டுமென்றால் அது நிர்வாகமாகாது.

பொது இடத்தில் பந்தயம் நடத்த மாகாண சர்க்காரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவு சொல்லுகிறது. சம்மதம் கொடுக்கிறவருக்கு நிபந்தனை விதிக்கவும் அதிகாரம் உண்டு. வேலியிட்ட தனிப் பாதை "பொது இடம்" ஆகுமா என்பது வக்கீல்கள் வாதாடட்டும். சர்க்கார் விரும்பினால் அரைப் பக்கச் சட்டத்தில் அந்த ஐயத்தை நீக்கி விடலாம். பந்தயத்தில் மரணம் நேர்ந்தால் பந்தய ஸ்தாபனங்களோடு ஒட்டுறவில்லாத ஒரு வைத்தியரும், ஓர் என்ஜினீயரும், ஓய்வு பெற்ற ஒரு நீதிபதியும் விசாரித்து, மூன்று மாதத்துக்குள் தமிழிலும் இங்கிலீஷிலும் அறிக்கை வெளியிட வேண்டும். அந்த அறிக்கை வெளிவரும் வரையில் அதே வகைப் பந்தயம் அதே பாதையில் நடத்தலாகாது. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு எந்த வண்டி, என்ன வேகம், ஒரு ஓட்டத்தில் எத்தனை பேர் என்பதைச் சங்கத்தின் இஷ்டத்திற்கு விடாமல் விதியாக எழுத வேண்டும். இதற்குக் கோடிக் கணக்கில் பணம் தேவையில்லை.

ஸ்ரீரங்கம் தொகுதிக்கும் திருச்சிராப்பள்ளித் தொகுதிகளுக்கும் சட்டசபையில் அங்கத்தினர்கள் இருக்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் அவர்கள் ஒரு கேள்வியை எழுத்து மூலம் அனுப்ப வேண்டுகிறோம்: 2023 ஜனவரி 8-ந் தேதியும் ஆகஸ்டு 5-ந் தேதியும் இருங்காட்டுக்கோட்டையில் நேர்ந்த மரணங்களைப் பற்றிய விசாரணைகளின் முடிவுகளைச் சர்க்கார் சபையின் மேஜைமேல் வைப்பார்களா? வைப்பதானால் எந்தத் தேதியில்?